சகிப்பு

சுரணையற்றவன்தான் சகித்துக்கொள்கிறான் என்பார்கள். உடம்பு வேறு விதமாகச் சொல்வதாக எனக்குப் படுகிறது.

நோயை எதிர்க்கும் டி செல்லின் ஏற்பியில் ஆல்ஃபா, பீட்டா சங்கிலிகள் எதிர்ப்படுவதை இனங்காண்கின்றன. செய்தியை உள்ளே அனுப்ப அவற்றால் இயலாது. அனுப்பும் சிடி3, ஸீட்டா சங்கிலிகளுக்கோ இனங்காணும் திறன் இல்லை. காண்பதும் செயல்படுவதும் வேறுவேறு என்பது இந்த அமைப்பிலேயே இருக்கிறது.

தைமஸ் சுரப்பியில், சொந்த உடலின் கூறுகளை இறுகப் பற்றும் செல்களில் பல மடிகின்றன. சில, தாக்குதலை அடக்கும் செல்களாகின்றன. 1995இல் ஷிமோன் சகாகுச்சி இவற்றை எலிகளில் இனங்காட்டினார். 2025இல் மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார். இவை இல்லாதபோது உடல் தன்னையே தாக்குகிறது. தாக்குபவையும் இதே வகை ஏற்பியைக் கொண்டுதான் காண்கின்றன. ஆக, அடக்குபவை சுயத்தை நன்றாகவே அறிந்தவை.

இத்துடன் நிறுத்திச் சகிப்பைப் போற்றிவிடலாம். ஆனால் பல புற்றுக்கட்டிகளில் இதே அடக்கும் செல்கள் திரண்டு, அழிக்க வேண்டியதற்கும் அரணாகின்றன. செல்லின் மேல் குற்றம் இல்லை. அதற்குத் தேர்வு கிடையாது. எனக்கு உண்டு. அதனால் என் சகிப்பை அறம் என்று அழைக்குமுன், அது யாருக்கு அரணாக நிற்கிறது என்று நான் கேட்டாக வேண்டும்.