யார் வீட்டுக் கதவு?

நியூ ஜெர்சியில் ஆசிரியர் உரிமத்துக்காக மனைவி பிராக்சிஸ் பாடத்தேர்வு எழுதவேண்டியிருந்தது. 2020 முதல் வீட்டிலிருந்தும் எழுதலாம்.

“வீட்லயே எழுதிடேன், அலைச்சல் மிச்சம்” என்றேன்.

“பாப்பா கதவைத் தட்டினா?” என்றாள்.

கேமராவில் அறையைச் சுற்றிக் காட்டவேண்டும். நடுவில் யாரும் உள்ளே வரக்கூடாது. எங்களுடையது ஒற்றைப் படுக்கையறை வீடு.

மையத்தில் நம் நேர்மைக்குக் கட்டடமும் கண்காணிப்பாளரும் பொறுப்பு. வீட்டிலோ அந்தப் பாரம் நம் தலையில்: தனியறை, அறுந்துபோகாத இணையம், அமைதியான குழந்தை. இதெல்லாம் இருப்பவருக்குத்தான் அது சலுகை. அதற்காக வீட்டுத் தேர்வே கூடாதென்று சொல்லமுடியுமா? கார் இல்லாத, மையம் தொலைவிலுள்ள ஒருவருக்கு அதுதானே ஒரே வழி. இரண்டும் இருக்கட்டும். ஆனால் ‘எது வேணும்னாலும் எடுத்துக்கோ’ என்பது மட்டுமே நியாயம் ஆகிவிடாது.

அவள் மையத்துக்குப் போனாள். அன்று பாப்பா இஷ்டத்துக்குக் கதவைத் தட்டினாள்.