பசியாறியாச்சா?

மலாக்காவில் செர்காம் பக்கம் எந்தத் தமிழ் வீட்டுப் படியேறினாலும் முதலில் காதில் விழுவது, "பசியாறியாச்சா?" என்பதுதான். நலவிசாரிப்பும் பாசமும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். அதனாலோ என்னவோ, "வேணாம்மா" என்று தட்டைத் தள்ளும் பிள்ளையை நோயாளியாகப் பார்க்க நமக்கு மனம் வருவதில்லை. பிடிவாதம் என்போம், பரீட்சைக் கவலை என்போம், புரட்டாசி விரதம் என்போம். மிஞ்சினால் 'கேஸ்ட்ரிக்', அதாவது வயிற்றுக்கோளாறு.

இந்தக் கேஸ்ட்ரிக்கில்தான் சற்று நிற்கவேண்டும். லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1870களில் 'அனோரெக்சியா நெர்வோசா' என்று பெயரிட்ட நோயை, உடம்பு போட்டுவிடுமோ என்ற பயத்தில் உண்ண மறுப்பது என்றே பாடநூல்கள் பிற்பாடு விளக்கின. ஆனால் 1990களில் ஹாங்காங்கில் மனநல மருத்துவர் சிங் லீ கண்ட நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் குண்டாவதைப் பற்றிப் பேசவே இல்லை; வயிறு உப்புசம், பசியில்லை என்றார்கள். டில்லியில் 1995இல் மருத்துவர்கள் விவரித்த ஐந்து இளம்பெண்களும் சாப்பிட மறுத்தார்கள், வாந்தியெடுத்தார்கள், மெலிந்தார்கள். ஆனால் தாங்கள் பருமன் என்று நினைக்கவே இல்லை. ஆக, நம் வீட்டுக்கு இந்நோய் வயிற்றுக்கோளாறின் வேடத்தில் வரக்கூடும். மாத்திரை மாற்றியும் எடை இறங்கிக்கொண்டே போனால் சந்தேகப்படுங்கள். மாதவிலக்கு நின்றுபோவது, வெயிலிலும் குளிருது என்பது, மயங்கி விழுவது இவையெல்லாம் பொறுத்துப் பார்க்கிற விஷயங்கள் அல்ல.

புலிமியா என்ற இன்னோர் உணவுக் கோளாறில் ஆள் மெலியாமலே இருக்கலாம். அள்ளி அள்ளித் தின்றுவிட்டு உடனே கழிவறைக்குள் போய் வாந்தியெடுப்பார்கள். பல் அரிப்பும் விரல்முட்டித் தழும்பும் காட்டிக்கொடுக்கும். ஆண்பிள்ளைகளுக்கும் வரும்.

கல்யாண வீட்டில் "என்னா இப்படி இளைச்சிட்டே?", "நல்லா உடம்பு போட்டுட்டியே!" என்று ஊர் அத்தைகள் கேட்பதை முதலில் நிறுத்தவேண்டும், பாராட்டாகச் சொன்னாலும்தான். பிள்ளையிடம் பேசுவதானால் சாப்பாட்டு வேளையில் வேண்டாம். தட்டை விட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள்: "கொஞ்ச நாளா சோர்ந்து கெடக்குறியேம்மா, எனக்குப் பயமா இருக்கு." அன்றைக்கு எரிந்து விழுந்தால் இன்னொரு நாள் கேளுங்கள்.

பாசத்தில் ஒரு ஆபத்தும் உண்டு. பல நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரே நாளில் திணித்தால் இரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கி இதயமே நின்றுபோகலாம். எவ்வளவு கொடுப்பது என்பதை மருத்துவர்தான் சொல்லவேண்டும்.

பேசி ஆலோசனை கேட்க, மலேசியச் சுகாதார அமைச்சின் 'ஹீல்' மனநல உதவி எண் 15555 இருக்கிறது. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கிருந்தே மனநல மருத்துவருக்குக் கடிதம் தருவார்கள். டாக்டரிடம் 'கேஸ்ட்ரிக்' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். எத்தனை மாதத்தில் எத்தனை கிலோ இறங்கியது என்று சொல்லுங்கள்.