மலைப்புகையும் பிறர் உறக்கமும்

கண்டதைக் கொண்டு காணாததை அறியும் முறையாகிய அனுமானத்தை விளக்க இந்தியத் தருக்க நூல்கள் பல நூற்றாண்டுகளாகக் கையாண்டுவரும் எடுத்துக்காட்டு, மலையில் எழும் புகையாகும். புகையுள்ள இடத்தில் நெருப்பு இருக்கும் என்பதை அடுக்களையில் கண்டு பழகிய ஒருவர், தொலைவிலுள்ள மலையில் புகையைக் கண்டதும் அங்கும் நெருப்பு உண்டு எனத் துணிகிறார். மணிமேகலைக் காப்பியத்தில் அதன் நாயகிக்கு அறவண அடிகள் அளவை நெறியை உரைக்கும் காதையிலும் இந்தப் புகை வருகிறது. அதோடு, தெரிவது புகைதானா, ஆவியா, பனியா என்ற ஐயம் தீராத நிலையில் நெருப்பு உண்டு என்று முடிவுகட்டுவது ஏதுப்போலி, அதாவது காரணம்போலத் தோன்றிக் காரணமாகாத பிழை, என்ற எச்சரிக்கையும் அங்கே உண்டு. ஆயினும் முடிவு செல்லும், செல்லாது என்ற இடத்தோடு தருக்க நூலாரின் வேலை தீர்ந்துவிடுகிறது. மலையில் நெருப்பு உண்டு என்று சரியாக அறிந்தவர் அடுத்து யாருக்கு என்ன கடன்பட்டவர் ஆகிறார் என்பதும், அந்நேரத்தில் மலையைப் பார்த்துக்கொண்டிருக்குமாறு அவரைப் பணித்தது எது என்பதும் அவர்கள் எழுப்பாத வினாக்கள்.

இவ்வினாக்களைத் தொழிலாகவே மாற்றிய இடம் காட்டுத்தீக் காவற்கோபுரம். 1910 ஓகஸ்ட் மாதம் ஐக்கிய அமெரிக்காவின் ஐடகோ, மொன்டானா மாநிலங்களில் இரண்டே நாட்களில் ஏறத்தாழ 30 இலட்சம் ஏக்கர் காடு எரிந்து, எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட பின்னரே, மலையுச்சிகளில் இத்தகைய கோபுரங்கள் பெருமளவில் எழுந்தன. கோபுர அறையின் நடுவே வட்டமான வரைபட மேசை ஒன்று இருக்கும். அதன் விளிம்பில் சுழலும் குறிகாட்டியைப் புகையின் திசைக்குத் திருப்பிப் பாகையைக் குறித்துக்கொள்வார் காவலர். வேறொரு கோபுரத்திலிருந்து குறிக்கப்பட்ட பாகையும் இதுவும் வெட்டும் புள்ளியே தீயின் இடம் என்பதால், தனிமையின் சின்னமாகக் கருதப்படும் இக்காவலில்கூட ஒருவருடைய கண் மட்டும் போதுவதில்லை. இடி மின்னல் வேளையில் அவர் ஏறி நிற்பதற்கெனக் கால்களில் கண்ணாடி பொருத்திய சிறு பீடம் ஒன்றும் அவ்வறையில் இருந்தது. புதிதாக வருபவர் முதலில் கற்க வேண்டியது தீயல்லாதவற்றையே: விடியலில் பள்ளத்தாக்கிலிருந்து எழும் மூடுபனி, மண்பாதையில் செல்லும் வாகனத்தின் புழுதி, நாள்தோறும் புகையும் ஆலைக் குழாய். ஐயமுள்ள ஏதுவைக் குறித்து அறவண அடிகள் விடுத்த எச்சரிக்கை இங்கே அன்றாடப் பயிற்சியாகிறது. ஊதியம் பெறும் காவலர் குறைந்துவிட்ட இக்காலத்தில், அங்குள்ள கோபுரங்கள் சிலவற்றில் தன்னார்வலர் முறைவைத்துக் கோடைக் காவல் இருக்கின்றனர்.

பருவம் முழுவதும் இருந்தும் ஒரு புகையைக்கூடக் காணாமல் இறங்கிவரும் தன்னார்வலர் ஏதேனும் செய்தவராவாரா என்பதே இங்கு ஆராயத்தக்க வினா. பலன் கருதாது வினை செய்க என்னும் கீதையின் நெறி இதற்கு ஓரளவு விடை தருகிறது. ஆனால் அந்நெறி முன்னிறுத்துவது வினையாற்றும் வீரனை. காவலிருப்பவரிடமோ வினை என்று சுட்டிக்காட்டத்தக்க எதுவும் பெரும்பாலும் இல்லை. இதைவிட நெருங்கிய விடை இஸ்லாமியச் சட்டவியலில் கிடைக்கிறது. ஒவ்வொருவரும் தாமே நிறைவேற்ற வேண்டிய கடமையைப் பர்ளு ஐன் என்றும், சமூகத்தில் சிலர் நிறைவேற்றினால் ஏனையோரிடமிருந்து நீங்கிவிடுவதும், எவருமே நிறைவேற்றாவிடில் அறிந்தும் இயன்றும் வாளாவிருந்த அனைவரையும் குற்றவாளியாக்குவதுமான கடமையைப் பர்ளு கிஃபாயா என்றும் சட்ட அறிஞர்கள் வகுத்தனர். ஐவேளைத் தொழுகை முன்னதற்கும், ஜனாஸாவை, அதாவது இறந்தவரின் உடலை, குளிப்பாட்டித் தொழுது அடக்குவது பின்னதற்கும் வழக்கமான உதாரணங்கள். இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் (சட்டப்பள்ளியின்) பேரறிஞரும், இமாம் கஸ்ஸாலியின் ஆசிரியருமான இமாமுல் ஹரமைன் அல்ஜுவைனி (இறப்பு 1085), தன் கடமையை மட்டும் நிறைவேற்றுபவர் தன்னளவில் விடுபடுகிறார், கிஃபாயாவை நிறைவேற்றுபவரோ சமூகம் முழுவதையும் குற்றத்திலிருந்து விடுவிக்கிறார் என்ற காரணத்தால் பின்னதற்கே சிறப்பு அதிகம் எனக் கருதினார். இக்கருத்தை ஏற்றால் புகையே தென்படாத காவலின் பொருளும் தெளிவாகிறது. தீயைக் கண்டுபிடிப்பது அக்காவலின் ஒரு விளைவு மட்டுமே. பள்ளத்தாக்கில் உறங்கும் ஒவ்வொருவரும் குற்றமின்றி உறங்கலாம் என்ற நிலையைக் காவலர் கோபுரத்தில் ஏறி அமர்ந்த கணத்திலேயே உண்டாக்கிவிடுகிறார்.

இலங்கையின் கிழக்கே கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து மேற்கே சென்றால் வரும் நாவிதன்வெளிப் பிரதேசத்தில் மலை இல்லை. ஆனால் இந்த வினா உண்டு. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர் பாயும் இவ்வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த வரம்புகளில் வேளாண்மை செய்கின்றனர். கதிர் முற்றும் காலத்தில் காட்டு யானைகள் அந்த வரம்புகளுக்கு மதிப்பளிப்பதில்லை. மரக்கொப்பில் கட்டிய பரணில் டோர்ச் விளக்கும் யானை வெடியுமாக விழித்திருப்பவர், இருளில் தண்ணீர் சலசலப்பது எருமையாலா யானையாலா என்று செவியால் பிரித்தறிய வேண்டியவர். எருமைக்கு வெடி கொளுத்தி ஊரை எழுப்பினால் மறுமுறை அவருடைய வெடிக்கு எவரும் எழுந்து வரமாட்டார்கள். யானையை எருமை என்று விட்டுவிட்டாலோ ஒரு போகத்தின் உழைப்பு ஓரிரவில் போய்விடும், உயிரே போகவும் கூடும். 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் இம்மோதலில் 180க்கும் மேற்பட்ட மனிதர்களும் நூற்றுக்கணக்கான யானைகளும் மாண்டதை நினைத்தால், இக்காவலை வெறும் பயிர்க்காவல் என்று ஒதுக்கிவிட முடியாது. தன் வயலைக் காப்பவரிடம் தன்னலம் இருக்கிறது என்பது மெய்யே. ஆயினும் யானை நுழையும் மூலையில் எவருடைய காணி இருக்கிறதோ அவருடைய விழிப்பினால் வட்டை முழுவதும் காக்கப்படுகிறது. அவர் வெடி கொளுத்தும்போது காப்பாற்றப்படும் கதிர் யாருடையது என்று நெல்லுக்குத் தெரியாது. தன் வயலை அறுத்து முடித்த பின்னும் அயலவருக்காக ஒருவர் பரணில் ஏறுவாரானால், நிய்யத் எனப்படும் உள்ளத்தின் எண்ணத்தையே செயலின் அளவுகோலாகக் கொள்ளும் மார்க்கத்தில், அவருடைய காவல் முன்னிரவுகளின் காவலிலிருந்து வேறுபட்ட செயலாகிவிடுகிறது. இரவில் காவலிருந்த கண்ணை நரகத் தீ தீண்டாது என்ற கருத்துடைய நபிமொழி ஒன்று திர்மிதியின் தொகுப்பில் உண்டு. அது இறைவழியில் எல்லை காப்போரைக் குறித்ததாகவே விளக்கப்படுகிறது என்பதால், காட்டுக்கும் வயலுக்கும் அதை நீட்டுவது ஒப்புநோக்கினால் மட்டுமே கூடும். நேரடி ஆதாரமாகக் காட்டுவது மிகையாகும்.

இதற்கு எதிராக ஒரு தடை எழுப்பப்படலாம். கோபுரத்துக்கு ஏறுபவர்களில் பலர் தேடுவது பிறர்நலத்தை அன்று, தனிமையையே என்பதும், எனவே அது தொண்டுபோலத் தோன்றும் துறவு என்பதும் அத்தடை. 1956இல் அமெரிக்காவின் டெசலேஷன் சிகரத்தில் 63 நாட்கள் தீக்காவலராக இருந்த எழுத்தாளர் ஜாக் கெரூவாக், பௌத்த ஞானத்தை நாடிச் சென்றும் சலிப்போடும் தம்மோடுமே மல்லுக்கட்டியதைப் பின்னர் எழுதினார். அவருக்கு ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் இமாம் கஸ்ஸாலியும் ஒரு கோபுரம் ஏறினார். 1095இல் பக்தாதின் பேராசிரியப் பதவியைத் துறந்து டமஸ்கஸ் சென்ற அவர், அங்குள்ள பெரிய பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பகல் முழுவதும் தனித்திருந்ததைத் தம் வாழ்க்கை விளக்கத்தில் பதிவு செய்துள்ளார். அவருடைய இஹ்யா உலூமித்தீன் நூலின் நாற்பது பகுதிகளில் ஒன்று முராகபா, முஹாசபா ஆகியவை பற்றியது. இறைவன் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற உணர்வோடு மனிதன் தன் உள்ளத்தைத் தானே காவல்செய்வது முராகபா, செய்து முடித்தவற்றுக்குத் தனக்குள் கணக்குக் கேட்பது முஹாசபா. மினாராவில் இருந்தவரின் பார்வை உள்நோக்கியது. தீக்கோபுரத்தில் இருப்பவரின் பார்வை வெளிநோக்கியது. எனினும் எவரும் பாராத இடத்தில் கண்ணயராமல் இருக்க வேண்டிய காவலரை விழித்திருக்கச் செய்வது மேற்பார்வையாளரின் அச்சமாக இருக்க முடியாது; முராகபா இல்லாமல் வெளிக்காவலும் நிலைக்காது. அதனால் தனிமையின் இன்பம் காவலின் தூய்மையைக் கெடுத்துவிடுகிறது என்ற தடை வலுவற்றது. காவலர் தம் உள்ளத்தில் மூழ்கிப் புகையைத் தவறவிட்டால் மட்டுமே அத்தனிமை குற்றமாகும். கஸ்ஸாலியும் 1106இல் நிஷாப்பூரில் மீண்டும் கற்பிக்கும் பணியை ஏற்றார். இறங்கி வந்ததையும் சேர்த்தே அவருடைய மினாராவை மதிப்பிடுவது முறை.

அறிந்தும் இயன்றும் வாளாவிருந்தவரே குற்றவாளி என்ற கிஃபாயாவின் நிபந்தனை எவ்வளவு கனமானது என்பதை இலங்கையின் கிழக்குக் கரை 2004 டிசம்பர் 26இல் கண்டது. சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்தே சுனாமி அலை இக்கரையை அடைந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் சொல்வதற்கு எவரும் இருக்கவில்லை, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்து சமுத்திரத்துக்கு அன்று சுனாமிக் காவல் அமைப்பே இல்லாதிருந்ததால், கரையோர மக்கள்மீது கிஃபாயாவின் குற்றம் சுமத்த இடமில்லை. இன்று அறியாமை என்ற விலக்கு இல்லை; சுனாமிக்குப் பின் கரையில் எச்சரிக்கைக் கோபுரங்கள் நிறுவப்பட்டன.

மனிதர் இல்லாத இத்தகைய கோபுரமும், அமெரிக்க மலைகளில் காவலரின் இடத்தைப் பிடித்துவரும் கமராவும் கடமையை நீக்குமா என்ற கேள்விக்கு ஷாபிஈ சட்டம் வியப்பூட்டும் நெகிழ்வோடு பதில் தருகிறது. பகுத்தறியும் வயதுடைய சிறுவன் ஒருவன் ஜனாஸாத் தொழுகையை நிறைவேற்றினாலும், அவன்மீது கடமையே இல்லாதபோதிலும், ஊராரின் பொறுப்பு நீங்கிவிடும் என்பது அம்மத்ஹபின் ஏற்றமான கருத்து. கிஃபாயாவில் செய்பவரைவிடக் காரியம் நிறைவேறுவதே முதன்மை என்பது இதன் அடிப்படை. அப்படியானால் கருவி காத்தாலும் ஊர் விடுபடும். நற்கூலி பெறுவதற்கு மட்டும் அங்கே ஆளிருக்காது. நாவிதன்வெளிப் பக்கத்து யானை மின்வேலியும் இக்கணக்கில் சேரும். ஆனால் கொடி படர்ந்து கம்பியைத் தொட்டால் மின்னோட்டம் மண்ணில் இறங்கி வேலி வெறுங்கம்பியாகிவிடும் என்பதால், மாரி மழைக்குப் பின் கத்தியோடு வேலிக்கரையில் நடந்து புல்லையும் கொடியையும் வெட்டிவிட ஒருவர் வேண்டியிருக்கிறார்; பரண்காரரிடமிருந்த கிஃபாயா இப்போது அந்தக் கத்திக்காரரிடம் வந்து சேர்ந்திருக்கிறது, அவர் செய்வதைக் காவல் என்று ஊரில் எவரும் இன்னும் சொல்வதில்லை.