விடுமுறையும் கெடுவும்

டிசம்பர் 25 எனக்குப் பண்டிகை அல்ல, விடுமுறை. இந்த வித்தியாசத்தை ஒப்புக்கொண்ட பிறகுதான் மேலே எழுத முடியும். அந்த வாரத்தில் தேனியில் சத்தத்துக்குக் குறைவில்லை. தேவாலயங்களில் நள்ளிரவுத் திருப்பலி. சபரிமலையில் மண்டல பூஜை முடிகிற சமயமும் அதுதான். பெரியகுளம் பக்கமிருந்து வரும் பக்தர்களின் வேன்கள் சின்னமனூர், கம்பம், குமுளி என்று இரவெல்லாம் போய்க்கொண்டிருக்கும். இதற்கு நடுவில் அல்லிநகரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் சும்மா இருப்பதை ஆண்டு முழுவதும் எதிர்பார்க்கிறவன் நான். மகள் தரையில் படம் வரைகிறாள். அம்மா மொச்சை உரிக்கிறாள். நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்காமல் இருக்கிறேன்.

இந்த அமைதி நியாயமானதுதானா?

உலகம் அல்லல்படும்போது ஒதுங்கியிருப்பது சுயநலம் என்பது வழக்கமான ஆட்சேபம். இது மேம்போக்கானது என்பது என் அபிப்ராயம். ஒதுங்காதவனால் எதையும் கவனிக்க முடிவதில்லை. கேள்வி வேறிடத்தில் இருக்கிறது. அதை எனக்குக் காட்டியது தத்துவ நூல் எதுவுமல்ல. என் பிழைப்புக்கான சட்டம்.

வங்கிகளுக்கு விடுமுறை வருவது 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி. அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. ஓர் உண்டியலின் கெடு விடுமுறை நாளில் முடியுமானால், அது மறுநாளுக்குத் தள்ளிப்போவதில்லை. முந்தைய வேலை நாளிலேயே முடிந்ததாகக் கொள்ளப்படும். அதாவது விடுமுறை கடனை ரத்து செய்வதில்லை. முன்கூட்டியே கட்டச் சொல்கிறது.

பல வருஷங்கள் இதை ஒரு வணிக விதியாக மட்டுமே அறிந்திருந்தேன். ஒரு டிசம்பர் 24 மாலை, சமையலறையில் என் மனைவியிடம், "நாளைக்கு லீவுதானே, இன்னைக்கு எதுக்கு இவ்வளவு வேலை?" என்று கேட்டேன்.

"லீவு உங்களுக்குத்தான. அதான் இன்னைக்கே ஆட்டி வச்சிர்றேன்" என்றாள்.

குற்றச்சாட்டாக அவள் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னாள். கெடு ஒரு நாள் முந்தி வந்துவிட்டது, கட்டுகிறவள் அவள், ரசீது என் பெயரில்.

1843-இல் டிக்கன்ஸ் எழுதிய கிறிஸ்துமஸ் கதையில் வரும் பாப் கிராட்சிட் என் ஜாதி, குமாஸ்தா. ஒரு நாள் விடுப்புக்கு முதலாளியிடம் கூனிக்குறுகுகிறவன். அவன் வீட்டு விருந்தை உலகமே கொண்டாடிவிட்டது. ஆனால் அந்த வாத்து வெந்தது பேக்கரிக்காரனின் அடுப்பில். ஏழை வீடுகளில் அதற்கான அடுப்பு கிடையாது. புட்டிங் சரியாக வந்திருக்குமோ என்ற பதற்றத்தோடு அதை எடுக்கத் தனியாகப் போகிறவள் கிராட்சிட்டின் மனைவி. டிக்கன்ஸ் இரண்டையும் பார்த்து எழுதியிருக்கிறார். விருந்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டவர்கள் வாசகர்களாகிய நாம்.

வேலை செய்யும் கைகளைப் பார்த்துக்கொண்டே அவற்றையும் அமைதியின் ஒரு பகுதியாக எண்ணிக்கொள்வதுதான் உண்மையான தார்மிகப் பிசகு. அம்மா மொச்சை உரிப்பது வேலை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மேலே நான் எழுதிய வரிகளைப் பாருங்கள், அதை ஓய்வின் சித்திரத்தில்தான் சேர்த்திருக்கிறேன்.

இதற்காகக் குற்ற உணர்வு கொள்வது இன்னொரு சௌகரியம். பெருமூச்சால் பற்று தீராது. அமைதியையே துறந்துவிடுவதும் பொய். அது வேண்டியதுதான், எல்லோருக்கும். யார் கணக்கில் பற்று எழுதப்படுகிறது என்று பார்ப்பதும், முடிந்ததைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வதும்தான் செய்யக்கூடியவை.

போன வருஷம் 24-ஆம் தேதி இரவு கிரைண்டரை நான் கழுவினேன், சரியாகக் கழுவவில்லை. மறுநாள் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து மொச்சை உரித்தேன். புத்தகம் திறக்கப்படவில்லை. மனைவி பத்து மணி வரை தூங்கினாள். வீடு அமைதியாகத்தான் இருந்தது.