ஒடுக்கமும் அழிவும்

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் செல்லும் அன்பர்கள் திருக்கோயிலில் வழிபட்டு, விமானத்தை வியந்து, சண்டேசுரர்க்கு இறைவன் மாலை சூட்டும் திருவுருவைக் கண்டு உருகி மீள்வர். அங்கிருந்து தென்மேற்கே ஒரு மைலுக்குச் சற்று மேற்பட்ட தொலைவிலுள்ள மாளிகைமேட்டுக்குச் செல்வார் சிலரே. ஆங்குக் காணத்தக்கது யாதெனின், பெரும்பாலும் மண்மேடே.

இராசேந்திர சோழன் பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடுத்த இந்நகரம் ஏறக்குறைய 250 ஆண்டுகள் சோழர்க்குத் தலைநகராய் விளங்கிற்று. 1279-ஆம் ஆண்டளவில் சோழராட்சி ஒழிந்தபின், சுருங்கிச் சுருங்கி இன்று சிற்றூராய் நிற்கின்றது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் 1980-ஆம் ஆண்டு முதற்கொண்டு அம்மேட்டைப் பலமுறை அகழ்ந்து, செங்கற்சுவர்களின் அடிப்பகுதிகளும், கூரையோடுகளும், இரும்பாணிகளும், சீனநாட்டுப் பீங்கான் துண்டுகளும் கண்டனர். மரத்தூண்களைத் தாங்குதற்கு இட்ட கருங்கற்களும் கிடைத்தன, தூண்கள் இல்லை. சுற்றிலும் உள்ள ஊர்களோ உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் எனப் பெயர் தாங்கி நிற்கின்றன. கோட்டை மண்ணாயிற்று, ஆயுதம் துருவாயிற்று, மெய்காவலர் எவ்வெப்பிறவியில் உழல்கின்றனரோ அறியோம். நீராலாகிய வெற்றித்தூண் என்னும் கருத்தில் திருவாலங்காட்டுச் செப்பேடு புகழும் சோழகங்கம் மட்டும், பொன்னேரி என்னும் பெயரோடு, நெடிய கரையுடன் கிடக்கின்றது. அரசன் எடுத்தவற்றுள் மண்ணாற் செய்த ஏரிக்கரை நிலைத்ததும், மாளிகை மண்ணானதும் நினைக்கத்தக்கன.

இவ்வூர் அழிந்தது என்பர் உலகத்தார். நம் சித்தாந்த நூல்களில் பயின்றார் அச்சொல்லை விரைந்து வழங்கார். காரியம் தன் காரணத்துள் சூக்குமமாய்ச் சென்று அடங்குதலே ஒடுக்கம் எனப்படும். இன்மையாய்ப் போதல் அன்று. மண் செங்கல்லாயிற்று, செங்கல் சுவராயிற்று, சுவர் மேடாயிற்று. நண்பகலில் சமநிலம்போலத் தோன்றும் இத்தகைய இடங்களில், மாலை வெயில் சாய்ந்து வீழுங்கால் மேடும் பள்ளமும் நிழலாற் புலனாகி, ஈண்டுச் சுவர் ஓடிற்று, ஈண்டு வழி கிடந்தது என அறிவிக்கும். சற்காரியவாதத்தை மாணாக்கர்க்கு விளக்கப் புகுவார் குடத்தையும் மண்ணையுமே எடுத்துக்காட்டி அலுத்துப் போகின்றனர். ஒருமுறை இம்மேட்டுக்கு அவரை அழைத்துச் செல்லின் பாடம் பாதி முடிந்ததாகும்.

இனி, ஒடுக்கம் இறைவனது தொழில். அதுவும், பிறந்திறந்து எய்த்த உயிர்கள் இளைப்பாறும்பொருட்டுச் செய்யும் அருட்டொழில் என்பது நம்மனோர் துணிபு. அற்றேல், ஓர் ஊரை ஒடுக்கினார்மீது குற்றம் யாது? அவர் இறைவன் திருவுள்ளத்துக்குக் கருவியாயினார் அல்லரோ? இவ்வினா வீண்வாதம் அன்று. அவ்வூரிலேயே நிகழ்ந்த ஒன்று இதனை எழுப்புகின்றது.

1836-ஆம் ஆண்டில், அவ்வூர்க்குத் தெற்கே கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டது. அதற்குக் கல் வேண்டித் திருக்கோயிற் சுற்றுமதில் பெரும்பாலும் இடிக்கப்பட்டது. சிற்பம் பொலிந்த கருங்கற்களும் பெயர்க்கப்பட்டன. 1855-ஆம் ஆண்டில் அச்சான குறிப்பொன்று இதனை வெளிப்படக் கூறுகின்றது. ஊரிலிருந்த எளிய குடிகள் இயன்றமட்டும் தடுத்தனர் என்றும், அரசு ஊழியரை அவமதித்தனர் எனத் தண்டிக்கப்பட்டனர் என்றும், கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல்மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் நிறைவேற்றப்படவில்லை என்றும் அக்குறிப்பால் அறிகின்றோம்.

ஈண்டு ஒருசாரார், "மதில் சடம்; அதற்கு நோவில்லை. சிவபெருமானுக்கு மதிலால் ஆவதும் இல்லை. அணையால் வயல்கள் நீர் பெற்றன; பல்லாயிரவர் உண்டனர். ஆதலின் அது புண்ணியமே" என்பர். முற்கூற்று இரண்டும் உண்மை. ஆயினும் வினையாவது உயிர்கட்குச் செய்யும் இதமும் அகிதமுமாம். கல்லுக்கு நோவில்லை எனினும், அதனை மதிலாகக் கொண்டு வழிபட்டிருந்த உயிர்கட்கு நோவுண்டு. அவரைத் தண்டித்தது அந்நோவின்மேல் மற்றொரு நோவு. நீர் பாய்ச்சிய நன்மையை யான் மறுக்கவில்லை. அதற்குரிய பயன் அதற்கு உண்டு. ஆனால் நல்வினையும் தீவினையும் வணிகன் வரவுசெலவுபோல ஒன்றிலொன்று கழிந்து மிச்சம் காட்டுவன அல்ல. அவ்வவற்றின் பயன் தனித்தனியே நுகரப்படும் என்பதே நம் கொள்கை. உழவர் உண்ட சோறு, ஊரார் பெற்ற தண்டத்தைத் துடையாது.

இறைவனுக்குக் கருவியாயினார் என்னும் வாதமோ மிகவும் அஞ்சத்தக்கது. ஆயுள் முடிந்தமையாலன்றோ அவன் இறந்தான் எனக் கொலைஞன் வழக்காடினால் எம்மன்றம் ஏற்கும்? இறந்தவன் நுகர்ந்தது அவனது பிராரத்தம். கொன்றவன் ஈட்டியது ஆகாமியம். நிகழ்ச்சி ஒன்றாயினும் கணக்கு இரண்டு. இறைவன் ஒடுக்குதல் உயிர்கள்மேல் வைத்த இரக்கத்தால். மதில் பெயர்த்தார் பெயர்த்தது, கல் அருகிற் கிடைத்தமையால். ஒருவர் வீடு இடிந்தபோது அது சிவன் செயல் எனத் தன் வீட்டுத் திண்ணையிலிருந்து கூறுவாரை யான் பலமுறை கேட்டுள்ளேன். அச்சொல் வீடிழந்தவன் தன் மனந்தேற்றிக்கொள்ளக் கூறின் தவம். இடித்தவன் கூறின் பொய். அயலான் கூறின் சோம்பல்.

எஞ்சிநிற்பது ஒன்று. தடுத்த குடிகள் என் பெற்றனர்? மதிலைக் காத்திலர், தண்டமே பெற்றனர். கங்கையும் கடாரமும் கொண்ட பேரரசின் தலைநகர் சிற்றூராய்ச் சுருங்கிய பின்னர், படையின்றி, பதவியின்றி அக்கோயிலுக்குமுன் நின்றவர் அவரே. அவர் பெயர்கூட அக்குறிப்பில் இல்லை. திருநின்றவூர்ப் பூசலார் கல் ஒன்றும் இன்றி நெஞ்சில் எடுத்த கோயிலுக்கு எழுந்தருளும்பொருட்டு, காஞ்சியில் அரசன் எடுத்த கற்றளியின் நாளை மாற்றுக என்று இறைவன் கனவிற் பணித்த வரலாற்றை நாம் அறிவோம். பூசலார் நெஞ்சில் எழுந்த கோயிலை ஏற்றவன், இக்குடிகள் நெஞ்சில் இடியாது நின்ற மதிலை ஏலாது விடுவனோ? 2004-ஆம் ஆண்டில் இத்திருக்கோயில் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாய்ச் சேர்க்கப்பட்டது. இனி அங்குச் செல்வோர் மதில் நின்ற இடத்தையும் ஒருமுறை வலம்வருக.