எனக்குப் பின் இவனுக்கு யார்?

பல்லாவரத்துப் பெரியவர் ஒருவர் நம்மிடம் கேட்ட வினா இது. அறிவு வளர்ச்சி குன்றிய நாற்பது வயது மகன் அருகில் அமர்ந்திருந்தான்.

வீட்டை அவனுக்கே வசிய்யத்தாக எழுத எண்ணியிருந்தார். வாரிசுக்கு வசிய்யத் இல்லை. ஏனைய வாரிசுகள் இசைந்தாலன்றிச் செல்லாது. உயிருடன் இருக்கையிலேயே ஹிபாவாக ஒப்படைக்கலாம். பிள்ளைகளிடையே பாரபட்சம் கூடாதெனினும், இயலாதவனுக்குக் கூடுதலாக அளிப்பதை அறிஞர் பலர் ஏற்பர். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலரையும் நியமிக்கலாம்.

ஆயின், பத்திரம் சோறூட்டுமா? ஏர்வாடியை நாம் மறக்கவியலாது. 2001 ஆகஸ்டு 6 அன்று அங்கே மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப வழியின்றிச் சிக்கினர். 28 பேர் மாண்டனர். சங்கிலியைப் பற்றி நாடே பேசிற்று. கொண்டுபோய் விட்டுவந்த உறவுகளைப் பற்றி நாம் அதிகம் பேசவில்லை.

அந்நிஸா அத்தியாயத்தின் ஐந்தாம் வசனம், பொருளை ஆளும் திறனற்றோருக்கு உணவும் உடையும் அளிக்கச் சொல்வதோடு நிற்கவில்லை. அவர்களிடம் நல்ல சொல் பேசவும் பணிக்கிறது. அதனை எந்தப் பத்திரத்தில் எழுதுவது?

"மற்றப் பிள்ளைகளை அழைத்து, இவன் முன்னிலையிலேயே கேளுங்கள்" என்றோம்.

"மறுத்துவிட்டால்?"

மறுப்பையும் தாங்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நலம் என்றோம். நெடுநேரம் பேசாதிருந்தவர், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அழைப்பதாகச் சொன்னார்.