வயலை மீட்கும் பணம்: ஈகையா, கடமையா?

வெள்ளம் வயலில் கொட்டிய மணலை அள்ளவும், வறட்சியில் கருகிய பயிருக்கு ஈடாகவும் அரசு உழவருக்குத் தரும் பணம், 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி அமைந்த மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து வருகிறது. 2022–26 காலத்துக்கான விதிகளின்படி, 3 அங்குலத்துக்கு மேல் படிந்த மணலையோ வண்டலையோ அகற்ற எக்டேருக்கு 18,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. நிலச்சரிவிலோ ஆறு தடம் மாறியோ நிலமே பறிபோன சிறு, குறு விவசாயிக்கு எக்டேருக்கு 47,000 ரூபாய். அமெரிக்காவிலும் 1978 முதல் இத்தகைய திட்டம் ஒன்று உண்டு. நிலத்தைச் சீராக்கும் செலவில் பொதுவாக 75 விழுக்காடு வரை அது ஏற்கிறது.

இந்தப் பணத்தின் அறம் எது? இரக்கத்தால் தருவது என்றால் கொடுப்பவர் மனம்போல் கூட்டலாம், குறைக்கலாம். வாங்குபவர் கேள்வி கேட்க முடியாது. சமயங்களே இதை ஏற்கவில்லை. லேவியர் நூல், வயலோரக் கதிரை அறுக்காமல் ஏழைக்கு விடும்படி நிலமுடையவருக்குக் கட்டளையிடுகிறது. இஸ்லாத்தில் ஜகாத் செல்வர் விரும்பினால் செய்யும் தானமல்ல, விதிக்கப்பட்ட கடமை. வள்ளுவரும் ஊரோடு பகிர்ந்து வாழும் ஒப்புரவை, ஈகைக்கு முன்பே தனி அதிகாரமாக வைத்தார்.

தமிழ் மரபில் இந்தப் பொறுப்பு அரசன்மேலும் ஏற்றப்பட்டது. புறநானூற்றின் 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம், மழை பொய்த்தாலும் விளைச்சல் குன்றினாலும் உலகம் அரசனையே பழிக்கும் என்கிறார். அந்தப் பாட்டால் அவர் பழைய நிலவரிப் பாக்கிக்குத் தள்ளுபடி பெற்றார் என்கிறது அதன் அடிக்குறிப்பு.

ஒரு காணி நிலமும் இல்லாதவர் இதற்கு ஏன் வரி கொடுக்க வேண்டும்? பெங்களூரு ஆஸ்டின் டவுனில் குடியிருப்பவருக்கு இதற்கான பதில் காவிரியில் இருக்கிறது. அந்த ஆறு பிறக்கும் குடகில் 2018 ஆகஸ்டில் பெருமழை மலைச்சரிவுகளைப் பெயர்த்துத் தோட்டங்களை மண்மூடச் செய்தது. அந்த ஆற்று நீரைத்தான் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏற்றி நகரம் குடிக்கிறது. மேட்டு நிலத்தின் மண் காக்கப்படுவதால் பள்ளத்தில் இருப்பவருக்கும் பயன் உண்டு. பயன் பொதுவானால் செலவும் பொதுவாவதே நியாயம்.

கர்நாடக அரசு இதை உரிமைப் பிரச்சினையாகவே எழுப்பியது. 2023 வறட்சியில் 223 வட்டங்கள் பாதிக்கப்பட்டதாக அறிவித்து, மத்திய அரசிடம் 18,171 கோடி ரூபாய் கேட்டது. நிதி வரத் தாமதமானதால் 2024 மார்ச்சில், மக்களின் அடிப்படை உரிமை மீறப்படுவதாக உச்ச நீதிமன்றத்தை நாடியது. ஏப்ரலில் மத்திய அரசு சுமார் 3,454 கோடி விடுவித்தது.

கடமை என்று ஒப்புக்கொண்டால், அது உரியவருக்குச் சேர்கிறதா என்பதும் அறக்கேள்வியே. பயிர்ச்சேதம் 33 விழுக்காட்டை எட்டினால் பணம் உண்டு. 32 என்றால் இல்லை. பணம் பஹணி எனப்படும் நிலப் பதிவேட்டில் பெயருள்ளவரின் வங்கிக் கணக்குக்கே போகிறது. கர்நாடகத்தில் குத்தகை பெரும்பாலும் சட்டப்படி தடைசெய்யப்பட்டிருப்பதால், வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவரின் பெயர் ஏட்டில் ஏறுவதில்லை. விதையும் உரமும் கடனில் வாங்கி நட்டவர் அவர்; நிவாரணம் நிலமுடையவருக்கு. நிலத்தைக் காப்பது பொதுக்கடமை என்றால், அதில் உழைத்து நட்டமடைந்தவரையும் பதிவேடு அறிந்திருக்க வேண்டும்.